பெனோனியில் ஒரு ஹாட் ராட் விலைக்கு வந்திருக்கிறது, எதைப் பார்த்து நம்புவது?

சாட்ஸ்வொர்த் பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பதினைந்து வருடமாக கோர்ட்டினா, எஸ்கார்ட் என்று பழைய ஃபோர்டுகளைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தவன் நான், இப்போது புத்தி கெட்டு ஒரு ஹாட் ராட் மேல் கண் வைத்துவிட்டேன். நம் ஊரில் ஓவல் டிராக்கில் ஓடுகிற ரேஸ் வண்டிகளையும் ஹாட் ராட் என்றுதான் சொல்கிறார்கள், அது இல்லை, பழைய கார் உருவத்தில் பெரிய எஞ்சின் வைத்துக் கையால் கட்டிய ரோட்டு வண்டி. 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் அச்சில் எடுத்த ஃபைபர் பாடி, நான்கு மட்கார்டும் உண்டு, உள்ளே ஷெவர்லே 350 வி8, டர்போ 350 ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ், பின்னால் ஜாகுவார் டிஃப் (பின் சக்கரங்களைச் சுழற்றுகிற டிஃபரென்ஷியல்). முன்னால் பழைய முறைப்படி ஒரே நீள ஐ-பீம் ஆக்சில். கத்திரிப்பூ நிறம். படத்தைப் பார்த்த அன்று இரவு தூங்கவில்லை என்று சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள்.

நான் டர்பனில், வண்டி ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் பெனோனியில் இருக்கிறது. விலை 4 லட்சத்து 60 ஆயிரம் ராண்ட். ஒருவரே ஒன்பது வருடம் கொட்டகையில் வைத்துக் கட்டியதாம், கட்டி முடித்த பிறகு 38 கிலோமீட்டர்தான் ஓடியதாம், "புத்தம் புதுசு மாதிரி" என்று விளம்பரத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறார். தைப்பூச விரதம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஒரே நாள்தான் கிடைக்கும், போக மட்டுமே 570 கிலோமீட்டருக்குப் பக்கம், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வருகிற வழியெல்லாம் வயிற்றெரிச்சல்தான்.

கம்பெனி வண்டி என்றால் எனக்குப் பார்க்கத் தெரியும், எது எங்கே இருக்கணும் என்று புத்தகம் இருக்கிறது. இதற்குப் புத்தகம் கிடையாது, கட்டியவர் தலைக்குள் இருந்ததுதான் புத்தகம். கட்டுமானம் நல்லதா கெட்டதா என்று ஒரு மணி நேரத்தில் எப்படித் தெரிந்துகொள்வது? பட்டி வேலை இருக்கிறதா என்று பார்க்க ஒரு காந்தம் எடுத்துப் போ என்கிறான் மச்சான். வேறு என்ன எடுத்துப் போகணும்?

மெரபேங்க் வெல்டர் எழுதியது:

தம்பி, காந்தத்தை வீட்டு ஃபிரிட்ஜிலேயே ஒட்டிவைத்துவிட்டுப் போ. ஃபைபர் பாடியில் அது எங்கே ஒட்டும்? மச்சானுக்கு என் வணக்கம்.

அந்த விளம்பரத்தில் எனக்கு உறுத்துவது விலை இல்லை, 38 கிலோமீட்டர்தான். ஷோரூமிலிருந்து வருகிற வண்டிக்கு 38 கிலோமீட்டர் என்றால் நல்ல சேதி. கொட்டகையில் கட்டிய வண்டிக்கு 38 கிலோமீட்டர் என்றால் அது இன்னும் கட்டி முடியாத வண்டி. யோசித்துப் பார், அமெரிக்க எஞ்சின், இங்கிலாந்து டிஃப், யாரோ அச்சில் வார்த்த பாடி, இந்தச் சாமான்கள் எதுவும் ஒன்றையொன்று முன்பின் பார்த்ததில்லை, ரோட்டில் இறங்கினால்தான் சேர்ந்து வாழ முடியுமா முடியாதா என்று தெரியும். தொண்ணூறுகளில் நான் ஒரு ஃபோர்டு மாடல் ஏ பிக்கப் கட்டினேன், முடித்துவிட்டேன் என்று பெயின்ட் அடித்த பிறகும் பலிட்டோ வரைக்கும் நம்பி எடுத்துப் போக மூன்று மாதம் ஆனது, அந்த மூன்று மாதத்தில் கழன்றதும் ஒழுகினதும் சூடானதும் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தேன். அதனால் முதல் கேள்வி, ஏன் 38-இல் நிறுத்தினீர்கள் என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். அவர் என்ன சொல்கிறார் என்பதை விட எவ்வளவு நேரம் கழித்துச் சொல்கிறார் என்று பார்.

அப்புறம் பெயின்டைப் பார்க்காதே, முதலில் கீழே போய்விடு. ஓவரால் போட்டுக்கொள், நல்ல டார்ச், படுக்க ஒரு அட்டை. வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் போகாதே, ஸ்டாண்டு போடச் சொல். நான் முப்பது வருடம் வெல்டிங் பிடித்தவன், வெல்டிங் அழகாக இருக்கணும் என்று சொல்ல மாட்டேன், பிடித்திருக்கணும். காக்கா எச்சம் மாதிரி இரும்புக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறதா, அது உள்ளே இறங்கவில்லை. ஓரத்தில் இரும்பை அரித்து ஒரு பள்ளம் ஓடுகிறதா, அங்கேதான் பின்னால் விரிசல் விடும். சஸ்பென்ஷன் பிராக்கெட்டில் வெல்டிங்கைத் தேய்த்து வழவழவென்று ஆக்கி பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும், அழகுக்காகத் தேய்த்தாரா மறைக்கத் தேய்த்தாரா என்று யாருக்குத் தெரியும்? வாங்குகிறவன் பார்க்க மாட்டான் என்று நினைத்த இடத்தில் கட்டியவன் எப்படி வேலை செய்தான், அதுதான் முழு வண்டிக்கும் சாட்சி. பிரேக் பைப்பை ஒழுங்காக கிளிப் போட்டு ஓட்டியிருக்கிறாரா, இல்லை கொடியில் துணி காயப்போட்ட மாதிரி தொங்குகிறதா? பெட்ரோல் பைப் சைலன்சருக்குப் பக்கத்தில் போகிறதா? நட்டுக்கு வெளியே போல்ட் மரை குறைந்தது ரெண்டு தெரிகிறதா?

ஸ்டீயரிங்குக்கு ஆள் ரெண்டு வேண்டும். சக்கரம் தரையில் இருக்கட்டும், ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டணும், நீ கீழே பார். சக்கரம் திரும்புவதற்கு முன்னால் ஸ்டீயரிங் பாக்ஸ் ஆடுகிறதா, பிராக்கெட் ஆடுகிறதா? அதற்குப் பிறகு முழுசாக இடது, முழுசாக வலது. டயர் எதில் உரசுகிறது என்று பார். ஸ்டீயரிங் ராடில் மூன்று யூனிவர்சல் ஜாயின்ட் இருந்தால் நடுவில் தாங்கிப் பிடிக்க ஒரு பேரிங் கட்டாயம், இல்லை என்றால் ராட் நடுவில் நெளிந்து ஆடும். ஐ-பீம் ஆக்சில், குறுக்கே போகிற லீஃப் ஸ்பிரிங் என்றால் பான்ஹார்டு பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற கம்பி) இருக்கிறதா என்று தேடு. வெறுமனே இருந்தால் போதாது, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குக் குறுக்கே போகிற டிராக் லிங்குக்கு அது இணையாக இருக்கணும், நீளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கணும். ஒன்று மேலே பார்த்து ஒன்று கீழே பார்த்து இருந்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இரண்டும் இரண்டு வட்டத்தில் போகும், நீ ஸ்டீயரிங்கைத் தொடாமலே வண்டி தானாகத் திரும்பும்.

ஜாகுவார் டிஃப் நல்ல சாமான்தான், ஆனால் அதில் பின் பிரேக் டிஸ்க் சக்கரத்துக்குள் இல்லை, டிஃபை ஒட்டி உள்ளே இருக்கிறது. அந்தச் சூட்டில் டிஃப் ஆயில் சீல் வெந்து, ஆயில் டிஸ்க்கில் ஒழுகும். டார்ச் அடித்துப் பார், ஈரம் இருந்தால் டிஃபையே கீழே இறக்கினால்தான் வேலை நடக்கும். கீழ் ஆர்மிலிருந்து முன்னால் போகிற ரேடியஸ் ஆர்மை இடம் பத்தவில்லை என்று சிலர் வெட்டி எறிந்துவிடுவார்கள், அது இருக்கிறதா பார்.

கடைசியாக ஒரு கேள்வி. ஹாட் ராடில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் அனேகமாகத் தரைக்குக் கீழே இருக்கும், டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரை விடத் தாழ்வாக. அப்போது ஆயில் பின்வாங்கி வந்துவிடாமல் இருக்க டிஸ்க் பக்கம் 2 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற ரெசிடுவல் வால்வு போடணும், டிரம் என்றால் 10 பவுண்டு. "எத்தனை பவுண்டு வால்வு போட்டிருக்கிறீர்கள்?" என்று சும்மா கேள். முழித்தால் பெயின்டை ரசித்துவிட்டு வீட்டுக்கு வா.

டோங்காட் ஃபைபர் எழுதியது:

அண்ணே சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் தலையாட்ட மாட்டேன். கிலோமீட்டர் குறைவு என்றால் குறை இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் தெருவில் ஒரு பெரியவர் எட்டு வருடம் வண்டி கட்டி, முடித்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார், அந்த அம்மா விற்றபோது மீட்டரில் 12 கிலோமீட்டர். வாங்கியவன் இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். மனுசனுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும்.

பாடியைப் பற்றி நான் சொல்கிறேன், நான் படகு வேலை செய்கிறவன். ஃபைபர் கதவு கீல் இருக்கிற இடத்தையும் முன் கண்ணாடி காலூன்றி நிற்கிற இடத்தையும் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி முடிக் கோடுகள் தெரிந்தால் உள்ளே இரும்புச் சட்டம் போதவில்லை, அடிக்கிற அடியை ஃபைபரே வாங்குகிறது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் ஒரே மாதிரி வரணும், திடீரென்று செத்த சத்தம் வந்தால் அங்கே பட்டி அப்பியிருக்கிறது அல்லது லேயர் பிரிந்திருக்கிறது. உள்ளே மரச்சட்டமா இரும்புச் சட்டமா என்று கேளுங்கள், மரம் என்றால் ஜோகன்னஸ்பர்க்கின் காய்ந்த காற்றில் நன்றாக இருக்கும், நம் கடற்கரை ஈரத்துக்கு வந்தால் ஊதும்.

இன்னொரு வேலை, யாரும் செய்ய மாட்டார்கள். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, மறுபடி அதே கதவைத் திறந்து மூடுங்கள். இப்போது இடித்தால் சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது. இடைவெளி கொஞ்சமும் மாறவில்லை என்றால் கட்டியவருக்கு ஒரு பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றுவார்களே, நம் டர்பன் சாப்பாடு) வாங்கிக் கொடுங்கள்.

மெரபேங்க் வெல்டர் எழுதியது:

செத்தவர் கதை வேறு தம்பி, அவர் ஓட்ட ஆளில்லை. இவர் உயிரோடு இருக்கிறார், ஒன்பது வருடம் காத்திருந்து கட்டியவர் ஓட்டாமல் விற்கிறார். அதைத்தான் கேட்கச் சொன்னேன். ஜாக்கி போட்டுக் கதவு பார்ப்பது நல்ல யோசனை, எனக்கே தோன்றவில்லை.

பீனிக்ஸ் அக்கா எழுதியது:

எல்லோரும் இரும்பையே பேசுகிறீர்கள், ஹாட் ராட் ரோட்டில் நின்றால் பத்துக்கு ஏழு தடவை ஒயரிங்தான், இது கணக்கெடுத்துச் சொல்லவில்லை, என் கடைக்கு டிரெய்லரில் வருகிற வண்டிகளைப் பார்த்துச் சொல்கிறேன்.

தம்பி, ஃபைபர் பாடியில் எர்த் கிடையாது. கோர்ட்டினாவில் லைட்டை பாடியில் திருகினால் எர்த் வந்துவிடும், இதில் ஒவ்வொரு லைட்டுக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எர்த் ஒயர் போடணும். கட்டுகிறவர்கள் பாதி பேர் இதில்தான் சோம்பல் படுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு இண்டிகேட்டர் போடு. பிரேக் லைட் இண்டிகேட்டரோடு சேர்ந்து கண் சிமிட்டினால், அல்லது ஹூட்டர் (ஹாரன்) அடிக்கும்போது மீட்டர் முள் துள்ளினால், எர்த் பிச்சை எடுக்கிறது என்று அர்த்தம். ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போ. எல்லாம் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டர் போதவில்லை. இன்னொன்று, ஒரு முனையை பேட்டரி நெகடிவில், மறு முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

எஞ்சினுக்கும் சீட் பக்கத்துக்கும் நடுவே இருக்கிற தடுப்புத் தகட்டில் ஒயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கணும். ஃபேனுக்கும் ஹெட்லைட்டுக்கும் ரிலே இருக்கணும். பேட்டரியும் பெட்ரோல் டேங்கும் பின்னால் ஒரே இடத்தில் இருந்தால் பேட்டரி இறுக்கிக் கட்டியிருக்கிறதா, பாசிட்டிவ் முனை மூடியிருக்கிறதா பார், திறந்தவுடன் பெட்ரோல் வாசனை அடித்தால் டேங்க் வென்ட் (காற்றுப் போக்கிக் குழாய்) எங்கே விட்டிருக்கிறார் என்று கேள். ஒயரிங் டயகிராம் கையால் கிறுக்கியதாவது இருந்தால் வாங்கி வை. அந்தத் தாள் இல்லாத வண்டியில் ஒயர் தேடுவது என் பிழைப்பு, உன் பணம்.

லெனேசியா வாசி எழுதியது:

பெனோனி எனக்குக் கிட்டத்தான், வேண்டுமென்றால் ஞாயிறு நானும் வருகிறேன், ஸ்டீயரிங் ஆட்ட ஆள் வேண்டும் என்றாரே.

இங்கிருந்து வண்டி வாங்கி டர்பனுக்குக் கொண்டுபோகிறவர்கள் மறக்கிற ஒன்று உண்டு. நாங்கள் இருப்பது 1,600 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்தது. இங்கே கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோலை அளந்து விடுகிற துளை) சரியாக வைத்த வண்டி கடல் மட்டத்துக்கு இறங்கினால் காற்று கனத்துவிடும், பெட்ரோல் பத்தாமல் லீனாக ஓடும், சூடாகும், ஏற்றத்தில் கடகடவென்று நாக் அடிக்கும். அங்கே வந்ததும் ஜெட் மாற்றி டைமிங்கும் பார்க்கணும். கம்ப்ரஷன் எவ்வளவு வைத்துக் கட்டினார் என்று கேளுங்கள், இங்கே 93 பெட்ரோலில் சத்தமில்லாமல் ஓடுகிற எஞ்சின் அங்கே 95 ஊற்றியும் முணுமுணுக்கலாம். நேர்மாறாக, இங்கே ஓட்டும்போது கொஞ்சம் சோம்பலாக இருந்தால் அதற்காகக் குறை சொல்லாதீர்கள், மெரபேங்கில் அதே வண்டி பறக்கும்.

போகும்போது எஞ்சின் ஆறியிருக்கணும், முதலிலேயே போனில் சொல்லிவிடுங்கள். நாம் போய்ச் சேரும்போது பானட் சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் தொல்லையை மறைத்துவிட்டார். அப்புறம் அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூட்டைப் பாருங்கள். உங்கள் ஊர் ஜனவரிப் புழுக்கத்தில் ரோபோட்டுக்கு ரோபோட் (டிராஃபிக் லைட்) நிற்கும்போது ரேடியேட்டர் தாங்கணும்.

பேப்பர். ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் (இந்த 350 அந்த வகைதான்) எஞ்சின் நம்பர் பிளாக்கின் முன்பக்கம், வலது ஹெட்டுக்கு முன்னால் சின்னத் திண்ணை மாதிரி இருக்கிற தட்டையான இடத்தில் அடித்திருக்கும், ஆல்டர்னேட்டர் மறைக்கும், டார்ச் வேண்டும். பதிவுச் சான்றிதழில் இருப்பது அதே நம்பராக இருக்கணும். பிளாக் மேல்தளத்தை மெஷினில் சீவும்போது சில சமயம் அந்த நம்பரும் சேர்ந்து போய்விடும், வழவழப்பாக இருந்தால் போலீஸ் கிளியரன்ஸ் எடுத்தாரா என்று அங்கேயே கேளுங்கள், வாங்கிய பிறகு அந்தக் கியூவில் நீங்கள் நிற்கணும். கட்டிய வண்டி கோடு 3 என்று, அதாவது சேர்த்துக் கட்டிய வண்டி என்கிற குறியீட்டில், பதிவாகியிருந்தால் பயப்பட வேண்டாம், பேப்பரும் வண்டியும் ஒத்துப்போகணும், அவ்வளவுதான். பெயர் மாற்ற ரோட்வொர்த்தி (ரோட்டில் ஓடத் தகுதி என்கிற சான்றிதழ்) வேண்டும், 60 நாள்தான் செல்லும், ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறேன் என்றால் தேதி பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் பையன் எழுதியது:

போய் வந்தாயிற்று. லெனேசியா அண்ணனுக்கு நன்றி, வெயிலில் மூன்று மணி நேரம் என்னோடு நின்றார், சாப்பிடக்கூட இல்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். எஞ்சின் ஆறியே இருந்தது, இரண்டாவது தட்டலில் பிடித்தது. வெல்டிங் படம் எடுத்து வந்திருக்கிறேன், வெல்டர் அண்ணன் பார்த்துச் சொல்லணும், என் கண்ணுக்குக் கோர்த்த மாதிரி ஒரே சீராக இருந்தது. அவர் பாய்லர் வேலை செய்து ஓய்வு பெற்றவராம். ரெசிடுவல் வால்வு எத்தனை பவுண்டு என்று நான் கேட்டு முடிக்கவில்லை, "ரெண்டு, முன்னாலும் பின்னாலும், நாலும் டிஸ்க்" என்று சொல்லி கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். கேள்வி கேட்ட எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. ஜாக்கி போட்டும் கதவு அப்படியே மூடியது. ஜாகுவார் டிஸ்க் காய்ந்திருந்தது. எஞ்சின் நம்பர் பேப்பரோடு ஒத்துப்போகிறது. கட்டிய ஒன்பது வருடமும் மூன்று கோப்பில் படமாக வைத்திருக்கிறார், ரசீதோடு.

கெட்டது, முழுசாக இடது திருப்பினால் முன் இடது டயர் பிரேக் ஹோஸில் உரசுகிறது, ரப்பரில் பளபளவென்று தேய்ந்த தடமே இருக்கிறது. டயர் பக்கச்சுவரில் தேதி 1115, அதாவது 2015-இல் 11-ஆம் வாரம், பார்க்கப் புதுசாக இருக்கிறது ஆனால் கிழவன்.

அப்புறம் ஏன் 38 கிலோமீட்டர் என்று கேட்டேன். வெல்டர் அண்ணன் சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதலில் முழங்கால் வலி என்றார். கொஞ்ச நேரம் துணியால் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே, "எனக்கு அதில் பயம் தம்பி" என்றார். 60-க்கு மேல் போனால் ரோட்டில் ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி பக்கத்து லேனுக்குத் தாவுகிறதாம், அலைன்மென்ட் மூன்று தடவை பார்த்தாராம், டோ-இன் (முன் சக்கரம் உள்பக்கம் பார்க்கிற அளவு) சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்களாம், காரணம் தெரியவில்லை, பேரனை ஏற்றிக்கொண்டு போனபோது எதிரே லாரி வந்திருக்கிறது, அன்றைக்கு நிறுத்தியதுதான். நான் ஓட்டிப் பார்த்தேன், பொய் இல்லை, கை வியர்த்துவிட்டது. கீழே படுத்துப் பார்த்தால் பான்ஹார்டு பார் இருக்கிறது, ஆனால் டிராக் லிங்க் இடதுபுறம் தாழ்ந்து போகிறது, பார் வலதுபுறம் தாழ்ந்து போகிறது. அண்ணே, இதுதானா? படம் நாலு போட்டிருக்கிறேன்.

மெரபேங்க் வெல்டர் எழுதியது:

இதேதான். மூன்றாவது படத்தைப் பார்த்தாலே போதும், கத்தரிக்கோல் மாதிரி நிற்கிறது. அலைன்மென்ட் கடையில் வண்டி அசையாமல் நிற்கும்போது அளப்பார்கள், அங்கே எல்லாம் சரியாகத்தான் காட்டும், மேடு பள்ளத்தில்தான் இது விஷம். பான்ஹார்டு பிராக்கெட்டை வெட்டிப் பக்கம் மாற்றி, டிராக் லிங்குக்கு இணையாக வைத்து வெல்டு பிடித்தால் எனக்கு அரை நாள் வேலை. காஸ்டரும் (ஆக்சில் பின்னால் சாய்ந்திருக்கிற கோணம்) பார்க்கணும், ஐ-பீமுக்கு 5-லிருந்து 7 டிகிரி வேண்டும், குறைவாக வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து ஆட்டும். ஹோஸை இடம் மாற்றிக் கட்டு, டயர் நாலும் மாற்று, ஸ்டீயரிங் ஸ்டாப்பர் ஒன்று வை.

வெல்டிங்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, என் வேலையை விட நல்ல வேலை. இவ்வளவு கை உள்ள மனுசன் ஒரு பிராக்கெட்டால் வண்டியையே விற்கிறார் பார். விலை பேசும்போது டயரையும் வேலையையும் கணக்குப் போட்டுக் குறை, ஆனால் காரணம் என்ன என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பேசு. தெரிந்த பிறகு அவரே வைத்துக்கொள்கிறேன் என்றால் விட்டுவிடு, அது அவர் வண்டி. கொடுக்கிறேன் என்றால் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு வா, வான் ரீனன்ஸ் மலை இறக்கத்தில் அதை ஓட்டிக்கொண்டு வருகிற வேலையே வேண்டாம்.

டோங்காட் ஃபைபர் எழுதியது:

சரி அண்ணே, 38 கிலோமீட்டர் விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். அண்ணா, கதவு மூடியது என்றீர்களே, பன்னி வாங்கிக் கொடுத்தீர்களா?

சாட்ஸ்வொர்த் பையன் எழுதியது:

பெனோனியில் பன்னிக்கு எங்கே போவேன்? போன் போட்டுக் காரணத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார், அவருடைய வீட்டம்மா பின்னாலிருந்து "கொடுத்துத் தொலையுங்கள்" என்கிற மாதிரி ஏதோ சத்தம் போட்டது கேட்டது.

பீனிக்ஸ் அக்கா எழுதியது:

எல்லாம் சரி, லைட் எல்லாம் போட்டுப் பிரேக் மிதித்துப் பார்த்தாயா? அதைப் பற்றி ஒரு வரி இல்லையே.

சாட்ஸ்வொர்த் பையன் எழுதியது:

மீட்டரை எடுத்துப் போனேன் அக்கா. கார் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

லெனேசியா வாசி எழுதியது:

நான் சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், பார்த்துவிட்டு வருகிறேன். அக்கா, நெகடிவ் முனை பேட்டரியில், மற்றது பிளாக்கில், அப்படித்தானே?